பால்கனிக்கு எட்டாம் நாள்

அத்தியாயம் 11

சித்தி கதவைப் படாரென்று சாத்திவிட்டுப் போய் இன்றோடு ஐந்து நாள்.

கதவுக்கு ஒன்றும் ஆகவில்லை. குடும்பத்துக்குத்தான் ஆகியிருக்கிறது. வாரத்துக்கு நான்கு முறை அக்கா வீட்டுக்கு வந்து, வந்த வேகத்தில் எல்லாரையும் ஒரு பாட்டம் திட்டித் தீர்த்து, இரண்டு வாய் சாப்பிட்டுவிட்டுப் போகிறவள், இந்த ஐந்து நாளாக அந்தப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. காரணம் அவள் கைப்பைக்குள் நான்காக மடிந்து கிடக்கிறது. எச்சரிக்கைக் கடிதம். கையெழுத்துப் போட்டவன் சாட்சாத் அக்கா மகன்.

மருத்துவமனைக்குப் புதிதாகக் கட்டும் ஐந்து மாடிப் பகுதியில் அவன்தான் மேனேஜர். சித்தி அங்கே சென்ட்ரிங் வேலைக்குப் பொறுப்பு. பலகை அடித்து, கீழே இரும்பு முட்டுக் கொடுத்து, மேலே கான்கிரீட் கொட்டி, அது தானாக நிற்கும் அளவுக்கு இறுகியதும் முட்டைப் பிரித்தெடுக்கிற வேலை. அவளிடம் இருபத்திரண்டு ஆட்கள். போன மாதம் சரியாகக் கட்டாத பலகை ஒன்று இரண்டாம் மாடியிலிருந்து கீழே விழுந்தது. யார் தலையிலும் விழவில்லை, அது அதிர்ஷ்டம். இன்னொரு தவறு நடந்தால் சித்தியும் அவள் ஆட்களும் அன்றைக்கே மூட்டை கட்ட வேண்டும் என்று எழுதச் சொன்னது கம்பெனி. எழுதியது அண்ணன்.

"என் கையால சோறு தின்னவன் எனக்கு லெட்டர் எழுதுறான்!" என்று சித்தி சொன்னது தெருமுனை வரைக்கும் கேட்டது. அவள் ரகசியம் பேசினாலே பக்கத்து வீட்டில் டிவி சத்தத்தைக் கூட்டி வைப்பார்கள்.

இவர்கள் இருவருக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு முழிப்பவள் அவன் தங்கை. வீட்டில் அவள் பெயர் ஆராய்ச்சி. ஆறு வயதில் சுவர்க் கடிகாரத்தைப் பிரித்துப் போட்டுவிட்டு, திரும்பச் சேர்க்கத் தெரியாமல் நின்றபோது சித்தி வைத்த பெயர். இன்றைக்கு அதுவே பிழைப்பாகிவிட்டது. கட்டடப் பொறியியலில் முனைவர் பட்டத்துக்குப் படிக்கிறாள்.

அவள் ஆராய்ச்சி என்னவென்று கேட்டால் மூன்று மணி நேரம் சொல்வாள். நான் மூன்று வரியில் சொல்லிவிடுகிறேன். கான்கிரீட் இறுகும்போது சூடாகும். எவ்வளவு நேரம் எவ்வளவு சூட்டில் இருந்தது என்று தெரிந்தால், எவ்வளவு பலம் வந்திருக்கிறது என்று கணக்குப் போடலாம். அதற்காகக் கொட்டும் முன்பே கம்பியில் சென்சார் கட்டி உள்ளே புதைத்துவிடுகிறார்கள், அது நிமிஷத்துக்கு நிமிஷம் அவள் போனுக்குச் சேதி அனுப்புகிறது.

பால்கனி மாதிரி வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் தளத்துக்குப் பதினான்கு நாள் முட்டு நிற்க வேண்டும் என்பது அந்தக் கம்பெனியின் வழக்கம். ஆராய்ச்சி அதை எட்டு நாளாக்கிக் காட்டுகிறேன் என்றாள். முதல் மாடியில் காட்டினாள். இரண்டாம் மாடியிலும் காட்டினாள். மூன்றாம் மாடிக்கு இன்று எட்டாம் நாள். காலை பத்து மணிக்கு முட்டு எடுக்க வேண்டும். பதினொரு மணிக்குக் கம்பெனியின் தலைமைப் பொறியாளர், எல்லாரும் பெரிய சார் என்று சொல்கிறவர், அவளுடைய பேராசிரியரைக் கூட்டிக்கொண்டு பார்க்க வருகிறார். நேற்று மாலையே அவள் எழுதி, கையெழுத்துப் போட்டு அனுப்பிவிட்டாள்: 'பால்கனி ஓரம், நான்காம் நம்பர் சென்சார், எண்பத்தொரு விழுக்காடு பலம். முட்டு எடுக்கலாம்.' எழுபத்தைந்து வந்தாலே போதும்.

ஆக, இன்றைக்கு அவள் சந்தோஷமாக இருக்க வேண்டிய நாள்.

"காலை ஆட்டாதே. மேஜையே ஆடுது" என்றாள் அம்மா.

ஆராய்ச்சி காலை நிறுத்தினாள். அடுத்த நொடி மறு கால் ஆட ஆரம்பித்தது. மணி ஏழரை. போனை மேஜையில் சாய்த்து வைத்துக்கொண்டு வெறித்துப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். காப்பி ஆறிப்போய் மேலே ஆடை படிந்திருந்தது.

"ராத்திரி பூரா என்ன காத்து! ஜன்னல் தடதடன்னு தூங்கவே விடல. மாடியில போட்ட துணியைத் தொட்டா கை மரத்துப்போகுது. நாலு நாளா இதே குளிர்" என்று அம்மா தன்பாட்டுக்குப் பேசிக்கொண்டே துணி மடித்தாள்.

ஆராய்ச்சியின் கால் நின்றது.

நாலு நாளாகக் குளிர். ராத்திரிக் காற்று. மூன்று பக்கமும் திறந்து கிடக்கிற பால்கனி. ஆனால் போனில் தெரிந்த நான்காம் நம்பரின் சூட்டுக் கோட்டில் ராத்திரியே இல்லை. பகலில் எப்படியோ அப்படியே ராத்திரியிலும் வழுக்கிக்கொண்டு போயிருந்தது. நேற்று அவள் அதைப் பார்த்து எவ்வளவு அழகான கோடு என்று பூரித்துப்போனாள். மேலே போட்டிருந்த தார்ப்பாய் நன்றாக வேலை செய்திருக்கிறது என்று தனக்குத் தானே காரணமும் சொல்லிக்கொண்டாள். வேண்டிய பதில் கிடைத்துவிட்டால் கேள்வி கேட்க யாருக்குத்தான் மனசு வரும்!

இரண்டாம் நம்பர் சென்சாரின் கோட்டை எடுத்து நான்காம் நம்பர் மேல் வைத்தாள். இரண்டாம் நம்பர் உள்ளே, தளத்தைத் தாங்கும் தடித்த பீமுக்குள் இருப்பது. இரண்டும் ஒன்றன் மேல் ஒன்று அச்சாகப் பொருந்தின.



அண்ணனுக்குப் போன் போட்டாள். அடித்து அடித்து நின்றது. சித்திக்குப் போட்டாள். அதுவும் அப்படியே. அப்புறம்தான் நினைவு வந்தது. வெள்ளிக்கிழமை காலைக் கூட்டம். அண்ணன் எங்கோ பயிற்சிக்குப் போய்வந்த பிறகு கொண்டுவந்த முறை அது. எல்லாரும் போனை ஒரு பிளாஸ்டிக் வாளிக்குள் போட்டுவிட்டுத்தான் உட்கார வேண்டும். ஒவ்வொரு குழுவின் தலைவரும் அந்த வாரம் எதை எப்போது முடிப்பேன் என்று தன் கையாலேயே கலர்ச் சீட்டில் எழுதிச் சுவரில் ஒட்ட வேண்டும். வாரக் கடைசியில் எத்தனை சீட்டு நிறைவேறியது என்று எண்ணுவார்கள். ஆரம்பத்தில் அதைப் பார்த்து, 'எல்.கே.ஜி. பிள்ளைங்களா நாங்க?' என்று சிரித்த சித்திதான் இப்போது முதல் இடம். ஏழு மாதத்தில் அவள் எழுதிய ஒரு சீட்டுகூடத் தவறவில்லை.

"அம்மா, நான் கிளம்புறேன்."

"சாப்பிடல?"

"வந்து சாப்பிடுறேன்."

"சித்தியைப் பாத்தா நான் கேட்டேன்னு சொல்லு. இல்ல, நான் கேட்டேன்னு சொல்லாதே. நீயா கேக்குற மாதிரி கேளு, சாப்பிட்டாளான்னு."

பஸ் ஊர்ந்தது. எல்லா நிறுத்தத்திலும் நின்றது, நிறுத்தம் இல்லாத இடத்திலும் நின்றது. ஆராய்ச்சி எழுந்து நின்றாள், உட்கார்ந்தாள், மறுபடி எழுந்தாள். திரும்பத் திரும்பப் போன் போட்டாள், வாளிக்குள் அடித்து அடித்து நின்றது. பக்கத்துச் சீட்டுப் பெண்மணி, "இறங்கணும்னா இறங்கிடும்மா, எனக்குத் தலை சுத்துது" என்றார். இறங்கினாள். கடைசி இரண்டு நிறுத்த தூரத்தை ஓடியே கடந்தாள்.

ஒன்பது இருபத்தைந்துக்கு உள்ளே நுழைந்தபோது கூட்டம் முடிந்து வாளி காலியாக இருந்தது. சுவரில் மஞ்சள் சீட்டு, சித்தியின் கோணல் எழுத்து: 'மூணாவது மாடி பால்கனி முட்டு. இன்னிக்கு 10 மணி.'

சித்தி பால்கனிக்கு நேர் கீழே, இரண்டாம் மாடியில் இருந்தாள். தலையில் மஞ்சள் ஹெல்மெட், கழுத்தில் துண்டு, கையில் சுத்தியல். சுற்றிலும் முட்டுகள் வரிசை வரிசையாக நின்றன. ஆட்கள் ஓரமாகக் கயிறு கட்டிக்கொண்டிருந்தார்கள். எந்தத் தளமானாலும் முதல் முட்டைச் சித்திதான் எடுப்பாள். மற்றவர்கள் கயிற்றுக்கு வெளியே நிற்க வேண்டும். என் ஆளுங்க நிக்கப்போற இடத்துல நான் முதல்ல நிக்கணும் என்பது அவள் சட்டம்.

"வாடி ஆராய்ச்சி!" என்று அவள் கூப்பிட்டதில் புறாக்கள் பறந்தன. "டேய், பாத்துக்கோங்கடா, என் அக்கா பொண்ணு. நாம பதினாலு நாள் காவல் காத்ததை எட்டு நாளாக்கினவ. இவ மெஷினு சொன்னா சொன்னதுதான்!"

இதுதான் வேடிக்கை. ஊரில் இந்த மாதிரிப் புதுக் கருவி வந்தால் வேலைக்காரர்கள் முறைப்பார்கள், மேனேஜர்கள் தூக்கி வைத்துக் கொண்டாடுவார்கள். இங்கே அண்ணன்தான் ஆரம்பத்தில் இழுத்தடித்தான். சித்தி முதல் நாளிலிருந்தே ஆராய்ச்சியின் கட்சி. சென்சார் ஒவ்வொன்றையும் தன் கையாலேயே கட்டுவாள். வேறு யாரையும் தொட விட மாட்டாள்.

"சித்தி, நாலாம் நம்பரை எங்க கட்டினே?"

"நீ எங்க கட்டச் சொன்னியோ அங்கதான். ஓரத்துல."

"கான்கிரீட் கொட்டுறப்பவும் அங்கதான் இருந்துதா?"

சித்தியின் முகம் மலர்ந்தது. "அதை ஏன் கேக்குற! நல்லவேளை நான் பக்கத்துல நின்னேன். பம்ப் குழாயை அந்த ஓரமாத்தான் இழுத்துக்கிட்டு வந்தானுங்க. உன் ஒயர் நசுங்கிக் கூழாகியிருக்கும். நான் கம்பி மேல குப்புறப் படுத்து, கையை விட்டு, அதை அவுத்து உள்ள கொண்டுபோயி, பீமுக்குள்ள ரெண்டாம் நம்பர் பக்கத்துலயே பத்திரமாக் கட்டிட்டேன். முழங்கையில பாரு, இன்னும் தழும்பு போகல. என்ன, நல்லா வேலை செய்யுதா?"



பீம் தடிமனானது, சூட்டை உள்ளேயே வைத்துக்கொள்ளும். பால்கனி ஓரம் ஒல்லி, நாலு நாளாகக் குளிர்க் காற்றில் நிற்கிறது. இவள் எட்டு நாளாகப் போர்வைக்குள் இருப்பவனைத் தொட்டுப் பார்த்து, வெளியே நிற்பவனுக்குக் குளிரவில்லை என்று எழுதிக் கொடுத்திருக்கிறாள். எண்பத்தொன்று என்பது பீமின் பலம். பால்கனிக்கு அதில் பாதி இருந்தால் பெரிது.

"நல்லா வேலை செய்யுது சித்தி" என்றாள்.

ஏன் அப்படிச் சொன்னாள்? அங்கேயே, அப்போதே, 'சித்தி, முட்டைத் தொடாதே, நீ இடம் மாத்தினதால கணக்கே தப்பு' என்று சொல்லியிருக்கலாம். ஆனால் கயிற்றுக்கு அப்பால் இருபத்திரண்டு பேர் நின்று கேட்டுக்கொண்டிருந்தார்கள். அந்தக் கைப்பை ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது. இன்னொரு தவறு என்று கடிதத்தில் எழுதியிருந்தது இதுதானே! சொன்னால் சித்தி வெளியே. சொல்லாமலும் நிறுத்த வழி இருக்கிறது என்று அவள் மனசு வேகமாகக் கணக்குப் போட்டது. அண்ணனிடம் போய் சென்சார் பழுது என்று சொன்னால் போதும். ஒரு வாரம் தள்ளிப் போடுவான். யாருக்கும் நோகாது. மணி ஒன்பது முப்பத்தைந்துதான் ஆகிறது.

"சாப்பிட்டியா சித்தி?"

"உங்க அம்மா கேக்கச் சொன்னாளா?"

"இல்ல."

"பொய் சொல்றதுக்கும் ஒரு முகம் வேணும்டி" என்று சித்தி சிரித்தாள். "போ, பத்து மணிக்கு வந்து நின்னு பாரு."

அண்ணனின் அலுவலகம் ஒரு இரும்புப் பெட்டி. உள்ளே மூன்று நாற்காலி, சுவர் நிறைய அட்டவணை, இரண்டு போனிலும் ஒரே நேரத்தில் பேசிக்கொண்டிருக்கும் அண்ணன். அவன் ஒரு போனை வைத்துவிட்டு இன்னொன்றைக் கையால் பொத்திக்கொண்டான்.

"என்ன, இப்பவே வந்துட்டே? பதினொண்ணுக்குத்தானே அவங்க வராங்க?"

"அண்ணா, நாலாம் நம்பர் சென்சார் சரியில்ல. பழுதுன்னு நினைக்கிறேன். இன்னிக்கு முட்டு எடுக்க வேண்டாம்."

அண்ணன் போனைத் துண்டித்தான். "நேத்து சாயங்காலம் எண்பத்தொண்ணுன்னு எழுதிக் கொடுத்தியே?"

"தப்பா எழுதிட்டேன்."

"பெரிய சார் வர்ற அன்னிக்கா உன் சென்சாருக்கு உடம்பு சரியில்லாமப் போகணும்?" அவன் எழுந்து அந்தப் பெட்டிக்குள் மூன்றடி முன்னே மூன்றடி பின்னே நடந்தான். அதற்கு மேல் நடக்க இடம் இல்லை. "அந்த முட்டு எல்லாம் நாளைக்கு நாலாவது மாடிக்குப் போகணும். போகலைன்னா திங்கட்கிழமை கான்கிரீட் இல்ல. சரி, இரு. க்யூப் இருக்குல்ல?"

ஆராய்ச்சி இதை எதிர்பார்க்கவில்லை. கான்கிரீட் கொட்டும்போது அதிலிருந்தே கொஞ்சம் எடுத்துச் சதுரக் கட்டிகளாக வார்த்து வைப்பார்கள். அவற்றை மெஷினில் வைத்து நசுக்கி, எந்த எடையில் உடைகிறது என்று பார்ப்பார்கள். அதுதான் க்யூப்.

அண்ணன் ஒரு தாளை நீட்டினான். "நேத்து மூணு உடைச்சோம். மூணும் பாஸ். சென்சார் பழுதுன்னா பழைய முறைப்படி க்யூப்பைத்தான் பாக்கணும். உன் ஆராய்ச்சி வர்றதுக்கு முன்னாடி கட்டடமே கட்டலையா?"

"க்யூப் லேப்ல வெதுவெதுன்னு தண்ணித் தொட்டிக்குள்ள கிடந்தது அண்ணா. பால்கனி வெளியில கிடந்தது."

"போன ரெண்டு மாடியிலயும் க்யூப்பும் சென்சாரும் ஒண்ணாத்தான் வந்துது. நீயே படம் போட்டுக் காட்டினியே."

"அப்போ குளிர் இல்ல."

"இதோ பாரு." அண்ணன் நேராக அவள் முகத்தைப் பார்த்தான். "முட்டை நிறுத்தணும்னா எனக்கு ஒரு காரணம் வேணும். பெரிய சார்கிட்டச் சொல்ற மாதிரிக் காரணம். உனக்கு வேற ஏதாவது தெரியுமா? தெரிஞ்சா சொல்லு, இப்பவே நிறுத்துறேன்."

மேஜையில் அவன் எழுதிய எச்சரிக்கைக் கடிதத்தின் நகல் கோப்பிலிருந்து பாதி வெளியே தெரிந்தது.

"இல்ல" என்றாள் ஆராய்ச்சி.

"அப்போ விடு. சித்தி கைபட்டா எல்லாம் ஒழுங்கா நடக்கும்." ஐந்து நாளில் அவன் சித்தியைப் பற்றிச் சொன்ன முதல் நல்ல வார்த்தை அது. வாக்கிடாக்கியை எடுத்தான். "சித்தி, நீங்க ஆரம்பிக்கலாம்." வேலையிடத்தில் அவன் சித்திக்கு மரியாதை கொடுத்து 'நீங்க' என்பான். வீட்டில் 'நீ'தான்.

"உத்தரவு மேனேஜர் சார்!" கருவி இரைந்தது.

ஆராய்ச்சி கதவருகே நின்றாள். சுவர்க் கடிகாரத்தில் பத்துக்கு எட்டு நிமிஷம். ஒருவேளை நிற்குமோ? எட்டு நாள் ஆகிறது. ஒருவேளை அறுபது வந்திருக்குமோ? அறுபது இருந்தாலும் தாக்குப்பிடிக்குமோ? காற்று அவ்வளவு மோசமில்லையோ? நான்கு வருஷம் படித்ததையெல்லாம் கூட்டி அள்ளிப் போட்டுத் தேடினாலும் 'ஒருவேளை' என்பதற்கு மேல் ஒன்றும் கிடைக்கவில்லை. அந்த ஒருவேளைக்குக் கீழே சித்தி நிற்கிறாள்.

"அண்ணா நிறுத்து! நாலாம் நம்பர் பால்கனியிலயே இல்ல. பீமுக்குள்ள இருக்கு. சித்தி மாத்திக் கட்டிட்டா. எனக்குத் தெரியும். நிறுத்து!"

அண்ணன் ஒரு நொடி அவளைப் பார்த்தான். அந்த ஒரு நொடியில் அவன் முகம் வெளுத்ததை அவள் பார்த்தாள்.

"சித்தி! சித்தி, தொடாதீங்க! சித்தி!"

பதில் இல்லை. முட்டு எடுக்கும்போது சித்திக்கு இரண்டு கையும் வேண்டும். வாக்கிடாக்கியைக் கைப்பையோடு ஆணியில் மாட்டிவிடுவாள். சுத்தியல் சத்தத்தில் ஒன்றும் கேட்காது.

இருவரும் ஓடினார்கள். படிக்கட்டில் சிமென்ட் மூட்டை தூக்கிக்கொண்டிருந்தவன் சுவரோடு ஒண்டினான். முதல் மாடி தாண்டியபோது மேலே சுத்தியல் சத்தம் கேட்டது. இரும்பில் இரும்பு. டங். டங். டங்.

அப்புறம் நின்றது. அதற்குப் பின்னால் சின்னதாக ஒரு சத்தம். காய்ந்த குச்சியை உடைத்தால் வருமே, அவ்வளவுதான்.

அவர்கள் போய்ச் சேர்ந்தபோது ஆட்கள் எல்லாரும் கயிற்றுக்கு வெளியே கல்லாகச் சமைந்து நின்றார்கள். சித்தி மட்டும் உள்ளே. வெளி வரிசை மூலை முட்டைத் தளர்த்தி இறக்கியிருந்தாள். அவள் தலைக்கு மேலே பால்கனியின் மூலை ஒரு விரல் அளவுக்குத் தொங்கியிருந்தது. மேலேயிருந்து பொடி கொட்டிக்கொண்டிருந்தது.

"சித்தி, வெளிய வாங்க!" அண்ணன் கயிற்றைத் தாண்டப் போனான்.

"வராதேடா! அங்கயே நில்லு!"

அவள் அண்ணாந்து பார்க்கவில்லை. முட்டை நிமிர்த்தி, அடியைக் காலால் அழுத்திப் பிடித்துக்கொண்டு, அதன் கழுத்தில் இருந்த திருகை இரண்டு கையாலும் திருப்பினாள். ஒரு சுற்று. பொடி அவள் தோளில் விழுந்தது. இன்னொரு சுற்று. ஆராய்ச்சி கண்ணை மூடிக்கொள்ள நினைத்தாள், முடியவில்லை. முட்டின் தலை மேலே போய்த் தளத்தைத் தொட்டது. சித்தி சுத்தியலை எடுத்துத் திருகை இறுக்கி நான்கு தட்டுத் தட்டினாள். கொட்டிக்கொண்டிருந்த பொடி நின்றது.

அதன் பிறகுதான் வெளியே வந்தாள். வந்ததும் செங்கல் அடுக்கின் மேல் தொப்பென்று உட்கார்ந்தாள்.

"இன்னொரு முட்டு எடுத்திருந்தேன்னா…" என்றாள். முடிக்கவில்லை. "மெஷினு எண்பத்தொண்ணுன்னுதே. அப்புறம் எப்படி?"

அண்ணன் ஆட்களைக் கீழே போகச் சொன்னான். அவர்கள் போனதும் தங்கையைப் பார்த்தான். "சொல்லு."

ஆராய்ச்சி சொன்னாள். சூடு, பீம், குளிர், ஓரம், எல்லாம் சொன்னாள். சித்தி வாயைப் பிளந்தபடி கேட்டாள்.

"நானா?" என்றாள். "உன் மெஷினு உடைஞ்சிடக் கூடாதுன்னுதானேடி நான் மாத்திக் கட்டினேன்?"

"தெரியும் சித்தி. ஓரத்துல கட்டுன்னு மட்டும்தான் நான் சொன்னேன். ஏன் ஓரத்துலன்னு சொல்லவே இல்ல. அது என் தப்பு."

"என் ஆளுங்க தலையில நானே இதைப் போடப் பாத்திருக்கேன்." சித்தி துண்டால் முகத்தைத் துடைத்தாள். துடைத்தது வியர்வையை மட்டுமல்ல. "எழுதுடா. கம்பெனிக்கு எழுது. நான் போயிடுறேன். அந்த இருபத்திரண்டு பேரை மட்டும் ஒண்ணும் பண்ணாதே."

"சித்தி, நீ முதல்ல தண்ணி குடி" என்றான் அண்ணன். வேலையிடத்தில் அவன் வாயிலிருந்து 'நீ' வந்தது. பாட்டிலைத் திறந்து கொடுத்தான். ஐந்து நாள் சண்டை எங்கே போனதென்று தெரியவில்லை.

சித்தி குடித்தாள். பாட்டிலை மூடினாள். மூடியவள் அப்படியே நிறுத்தி, ஆராய்ச்சியைப் பார்த்தாள்.

"ஒம்போதரைக்கு வந்து என்கிட்டக் கேட்டியே, எங்க கட்டினேன்னு."

"ஆமா."

"அப்பவே உனக்குத் தெரியுமா?"

ஆராய்ச்சி தலையை ஆட்டினாள்.

"வாயைத் திறந்து சொல்லு."

"தெரியும்."

"முதல் முட்டை நான்தான் எடுப்பேன்னும் தெரியும்."

"தெரியும் சித்தி. சொன்னா உன்னை வேலையை விட்டு அனுப்பிடுவாங்க. அதான் அண்ணன்கிட்டச் சொல்லி எப்படியாவது நிறுத்திடலாம்னு…"

"நான் கேட்டேன். வேற ஏதாவது தெரியுமான்னு உன் மூஞ்சியைப் பாத்துக் கேட்டேன். இல்லைன்னே" என்றான் அண்ணன்.

தார்ப்பாய் காற்றில் படபடத்தது. ஆராய்ச்சி, சித்தி கத்துவாள் என்று காத்திருந்தாள். கத்திவிட்டால் தேவலை. கன்னத்தில் ஒன்று விட்டாலும் வாங்கிக்கொள்ளலாம். சித்தி கத்தவில்லை.

"என் உயிரை விட என் வேலை உனக்குப் பெருசாத் தெரிஞ்சுதாடி?" என்றாள், பக்கத்தில் இருப்பவருக்கு மட்டும் கேட்கிற குரலில்.

"சித்தி…"

"எட்டு நாளா ஊரெல்லாம் சொன்னேனே. என் பொண்ணு சொன்னா சொன்னதுதான்னு."

கீழே கார் ஹாரன் கேட்டது. பெரிய சாருக்குக் காத்திருக்கும் பழக்கம் கிடையாது. பதினொன்று என்றால் பத்தேகாலுக்கே வந்து நிற்பார். அண்ணன் சட்டையைச் சரிசெய்துகொண்டான், ஆனால் இருந்த இடத்தைவிட்டு நகரவில்லை. படிக்கட்டில் காலடிச் சத்தம் முதல் மாடிக்கு வந்தது, இரண்டாம் மாடிக்கு வந்தது.

வெள்ளை ஹெல்மெட்டோடு பெரிய சார் முன்னால் வந்தார். பின்னாலேயே பேராசிரியர், கையில் கேமராவோடு. பெரிய சார் பால்கனியை அண்ணாந்து பார்த்தார். வரிசையாக நிற்கும் முட்டுகளைப் பார்த்தார். தலையெல்லாம் சிமென்ட் பொடியோடு செங்கல் மேல் உட்கார்ந்திருந்த சித்தியைப் பார்த்தார்.

"என்னம்மா இது? முட்டு எல்லாம் அப்படியே நிக்குது? பத்து மணிக்கு எடுக்கிறதாத்தானே பேச்சு? என்ன ஆச்சு?"

அண்ணன் வாயைத் திறந்தான். சித்தி கையைத் தூக்கி அவனைத் தடுத்தாள். செங்கல் அடுக்கைப் பிடித்துக்கொண்டு மெல்ல எழுந்து நின்றாள்.

"என்னைக் கேக்காதீங்க சார்" என்றாள். "எனக்கு ஒண்ணும் தெரியாது, தெரியாமலேதான் கீழ நின்னேன். இதோ, இவளைக் கேளுங்க. இவளுக்கு எல்லாமே முன்னாடியே தெரியும்."

பெரிய சார் ஆராய்ச்சி பக்கம் திரும்பினார்.